குடத்துக்குள் யார் பெயர்?

2024 அக்டோபர் 1ஆம் தேதி ஆஸ்திரேலிய அரசு இந்திய இளைஞர்களுக்காக ஒரு குலுக்கலைத் திறந்தது. 18 முதல் 30 வயது வரை உள்ளவர்கள் ஓராண்டு அந்த நாட்டில் தங்கலாம், ஊர் சுற்றலாம், செலவுக்கு வேலையும் செய்துகொள்ளலாம். ஒர்க்கிங் ஹாலிடே விசா என்று உலகம் முழுக்க இளைஞர்கள் அறிந்து வைத்திருக்கும் வகையைச் சேர்ந்தது இது. இந்தியாவுக்கு ஒதுக்கப்பட்ட இடம் ஆண்டுக்கு 1,000. பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர், திரும்பக் கிடைக்காது. முதல் இரண்டு வாரத்திலேயே சுமார் 40,000 பேர் பதிந்துவிட்டதாக அந்நாட்டின் துணையமைச்சர் மேட் திசில்த்வெயிட் சொன்னார்.

பதிவு செய்வது பெரிய வேலையில்லை. பாஸ்போர்ட் எண், பான் எண், பிறந்த தேதி, மின்னஞ்சல் முகவரி. இனிஷியல் போட்டுப் பழகிய தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரியும் பான் அட்டையில் வேறு மாதிரியும் பெயர் இருப்பது ஒரு தனித் தலைவலி. அதைத் தாண்டிவிட்டால் காத்திருப்புதான். கணினி பெயர்களைக் குலுக்கி எடுக்கும். பெயர் வந்தவருக்கு மின்னஞ்சல் வரும், 28 நாளுக்குள் முழு விண்ணப்பத்தையும் போட வேண்டும். பள்ளிக்குப் பிறகு இரண்டாண்டுப் படிப்பு, ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் சராசரி 4.5, வங்கியில் 5,000 ஆஸ்திரேலிய டாலர், விமான டிக்கெட்டுக்குத் தனியாகப் பணம் என்றெல்லாம் காட்ட வேண்டியது அதற்குப் பிறகுதான். பிரிட்டனும் 2023இல் இதே போன்ற ஒரு வழியைத் திறந்தது. ஆண்டுக்கு 3,000 இந்தியப் பட்டதாரிகளுக்கு இரண்டாண்டு விசா. அங்கேயும் குலுக்கல்தான், பதிவுக்குக் கட்டணம் இல்லை.

பெயர் வந்த வீட்டில் "கொடுப்பினை" என்கிறார்கள். வராத வீட்டில் "பிராப்தம் இல்லை, விடு" என்கிறார்கள். பிள்ளையாருக்கு நேர்ந்துகொண்ட தேங்காயை ஒரு வீட்டில் உடைக்கிறார்கள், இன்னொரு வீட்டில் ஜாதகத்தை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் போகிறார்கள். ஒரு நாட்டின் குடிவரவுத் துறை வைத்திருக்கும் கணினி நிரலின் முடிவை இரண்டு வீடுகளுமே மேலே இருப்பவனின் முடிவாக எடுத்துக்கொள்கின்றன. இது சரியா என்ற கேள்வி பழையது. சமயங்கள் இதில் பலமுறை மோதியிருக்கின்றன.

தமிழ்நாட்டில் பூக்கட்டிப் பார்க்கும் வழக்கம் இன்னும் சாகவில்லை. வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். இரண்டையும் வெளியே நிறம் தெரியாதபடி ஒரே அளவில் மடித்து, சாமி முன்னால் போடுவார்கள். விவரம் தெரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். எந்தப் பூவுக்கு என்ன பொருள் என்பதை முன்கூட்டியே மனதில் நினைத்திருப்பார்கள். பெண் எடுப்பதற்கும் நிலம் வாங்குவதற்கும் பார்த்தது, இப்போது மகன் வெளிநாடு போகலாமா வேண்டாமா என்பதற்கும் பார்க்கப்படுகிறது. திருவுளச்சீட்டு போடுவதும் இதே வகைதான். கேட்பவர் சாமியிடம் ஆலோசனை கேட்கிறார், பொட்டலம் பதில் சொல்கிறது.

13ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்க இறையியலாளர் தாமஸ் அக்வினாஸ் சீட்டு போடுவதை மூன்று வகையாகப் பிரித்தார். பொருளை யாருக்குக் கொடுப்பது என்று பங்கிடப் போடும் சீட்டு ஒன்று. என்ன செய்வது என்று ஆலோசனை கேட்கும் சீட்டு இரண்டாவது. என்ன நடக்கப்போகிறது என்று குறி கேட்கும் சீட்டு மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே நியாயம் பொருந்தாது என்பது அவர் கருத்து. குறி கேட்பதை அவர் கடுமையாகவே பார்த்தார். பங்கிடுவதற்கு மனிதர்கள் தங்களுக்குள் போட்டுக்கொள்ளும் சீட்டில் அவ்வளவு ஆபத்தைக் காணவில்லை.

விசாக் குலுக்கலைப் பற்றி யோசிப்பவர்கள் இந்தப் பிரிவினையைக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டுப் பூசையறையில் போடுவது ஆலோசனைச் சீட்டு. கணினி போடுவது பங்கீட்டுச் சீட்டு. முதலாவதில் கேட்பவருக்கும் கடவுளுக்கும் இடையே ஒரு உரையாடல் இருக்கிறது, குறைந்தபட்சம் கேட்பவர் அப்படி நம்புகிறார். இரண்டாவதில் உரையாடல் எதுவும் இல்லை. போதாத இடத்தைப் பங்கிட ஒரு அரசு தேர்ந்துகொண்ட வழி அது. முதலாவதற்குரிய பக்தியை இரண்டாவதன்மேல் கொண்டுபோய்ப் போடும்போதுதான் குழப்பம் வருகிறது.

இங்கிலாந்தில் இந்தக் குழப்பத்தின்மேல் ஒரு பெரிய சண்டையே நடந்தது. ஜேம்ஸ் பாம்ஃபோர்டு போன்ற தூய்மைவாதப் போதகர்கள், சீட்டு விழுவது ஒவ்வொரு முறையும் கடவுளின் நேரடித் தீர்ப்பு என்றார்கள். ஆகவே சீட்டாட்டமும் தாயமும் அந்தத் தீர்ப்பைப் பொழுதுபோக்குக்கு இழுக்கும் பாவம் என்று வாதிட்டார்கள். அதே தூய்மைவாத மரபிலிருந்து வந்த தாமஸ் கேட்டகர் 1619இல் சீட்டைப் பற்றியே ஒரு முழு நூல் எழுதி அதை மறுத்தார். உலகத்தில் நடக்கும் எல்லாமே கடவுளின் பராமரிப்புக்குள் நடக்கிறது, சீட்டு விழுவதும் அப்படியே. அதற்கென்று தனியான இறைவாக்கு எதுவும் கிடையாது என்பது அவர் நிலை. நாத்திகர் எழுதியதல்ல இது, ஆழ்ந்த நம்பிக்கையுள்ள ஒரு போதகர் எழுதியது. குலுக்கலில் கடவுளின் குரலைத் தேடாமல் இருப்பதும் பக்தியின் ஒரு வடிவமாக இருக்க முடியும் என்று அவர் காட்டினார்.

எதிர்ப்பக்கத்தில் நின்ற மொரேவியச் சபையாரையும் மதிக்கத்தான் வேண்டும். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட்டில் 18ஆம் நூற்றாண்டில் வளர்ந்த அந்தச் சபை, திருமணம் முதல் யாரை எந்த நாட்டு ஊழியத்துக்கு அனுப்புவது என்பது வரை சீட்டு போட்டே முடிவெடுத்தது. கடல் கடந்து போவதற்குச் சீட்டு! 1760இல் அந்தச் சபையார் தரங்கம்பாடிக்கும் வந்து, ஊருக்கு அருகே ஒரு தோட்டத்தில் குடியேறினார்கள். நோயிலும் சாவிலும் பலரை இழந்தார்கள். சீட்டில் பெயர் வருவது வரமா சுமையா என்று அவர்களுக்கு முன்கூட்டித் தெரியாது. தெரியாமலேயே கீழ்ப்படிந்தார்கள். ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக்கூடாது. அங்கே சீட்டு போட்டவர்கள் அவர்களே. சபை கூடி, ஜெபித்து, தங்கள் மனிதர்களுக்குத் தாங்களே போட்ட சீட்டு அது.

சீட்டில் கடவுள் பேசவில்லை என்றால், சீட்டு வெறும் கண்மூடித்தனமா? இல்லை. அதற்கென்று ஒரு அறம் இருக்கிறது. அதைத் தமிழர்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள்.

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இருக்கின்றன. 919, 921 ஆண்டுகளைச் சேர்ந்தவை. ஊர் வாரியங்களுக்கு ஆள் எடுக்கும் குடவோலை முறையை அவை வரி வரியாகச் சொல்கின்றன. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளவர் பெயரை ஓலையில் எழுதி, குடும்பு வாரியாகக் கட்டிக் குடத்தில் இடுவார்கள். சபை முழுவதும், சிறியவர் முதல் பெரியவர் வரை, கூடியிருக்க வேண்டும். கோயில் நம்பிமாரில் மூத்தவர் எழுந்து குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்டுவார். உள்ளே இருப்பது என்னவென்று அறியாத ஒரு சிறுவன் ஒரு கட்டை எடுத்து வேறொரு குடத்தில் போட்டுக் குலைத்து, அதிலிருந்து ஒரே ஒரு ஓலையை எடுப்பான். மத்தியஸ்தன் அதை வாங்கும்போது ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏற்க வேண்டும். பிறகு உரக்க வாசிக்க வேண்டும். அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் அதை மறுபடி வாசிக்க வேண்டும்.

விரல்களை விரிப்பது எதற்கு? விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்கு. சிறுவன் எதற்கு? யார்மேலும் விருப்போ வெறுப்போ இல்லாத கை வேண்டும் என்பதற்கு. இந்த ஏற்பாட்டின் நோக்கமெல்லாம் மனிதத் தில்லுமுல்லைத் தடுப்பது. கடவுளின் சித்தத்தை அறிந்துகொள்வதற்கென்று எந்த விதியும் அதில் இல்லை, அதுவும் கோயில் சுவரில் பொறிக்கப்பட்ட ஒன்றில். நம்பிமார் அங்கே நின்றது சாட்சிகளாக. பங்கீட்டுச் சீட்டின் அறம் இங்கே முழுமையாக வெளிப்படுகிறது: தகுதியில் சமமானவர்களிடையே ஒருவரை மற்றவருக்கு மேலாக நிறுத்தக் காரணம் இல்லாதபோது, காரணம் கற்பிக்காமல் விட்டுவிடுவதே நேர்மை.

குலுக்கலில் பெயர் வராத இளைஞருக்கு இதில் ஒரு ஆறுதல் இருக்கிறது. தூதரக அதிகாரி நேர்முகத்தில் நிராகரித்தால் அது ஒரு மதிப்பீடு. ஆவணம் போதாது, நோக்கம் நம்பும்படி இல்லை என்று யாரோ ஒருவர் எடைபோட்டிருக்கிறார். குலுக்கல் எடைபோடுவதே இல்லை. பெயர் வரவில்லை என்பதற்கு அவருடைய ஆங்கிலமோ, கல்லூரியோ, முன்வினையோ காரணம் இல்லை. பெயர் வந்தவருக்கும் இது பொருந்தும். அவர் பெருமைப்பட வேண்டியது அங்கே போய் என்ன செய்கிறார் என்பதைக் கொண்டு, மின்னஞ்சல் வந்ததைக் கொண்டல்ல.

ஆனால் உத்திரமேரூர்க் கல்வெட்டை இன்னும் கொஞ்சம் வாசிக்க வேண்டும். ஓலையில் பெயர் எழுத யாருக்குத் தகுதி? வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். வயது 35க்கு மேல், 70க்குள். வேதம் கற்றிருக்க வேண்டும். அது பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட ஊர், பிராமண நிலவுடைமையாளர் சபை. அந்த நிலத்தில் உழுதவர் பெயரை எந்த ஓலையும் தாங்கவில்லை. சிறுவன் கை எவ்வளவு கள்ளமற்றதாக இருந்தாலும், குடத்தில் இல்லாத ஓலையை அவனால் எடுக்க முடியாது. குலுக்கலின் நியாயம் முழுவதும் குடத்துக்கு உள்ளேதான். குடத்துக்குள் யார் என்ற கேள்வி குலுக்குவதற்கு முன்பே முடிந்துபோகிறது.

இன்றைய விசாக் குடத்துக்கு இதைவிடக் கூர்மையான எடுத்துக்காட்டு புதுச்சேரியில் இருக்கிறது. 1956இல் இந்தியாவும் பிரான்ஸும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் நடைமுறைக்கு வந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் மக்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று அதில் இருந்தது. சில ஆயிரம் பேர் எழுதிக் கொடுத்தார்கள். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வூதியம் வாங்கிய, ஊரில் சொல்தா என்று அழைக்கப்படும் குடும்பங்கள் அவர்களில் நிறைய. பக்கத்து வீட்டுக்காரர் எழுதிக் கொடுக்கவில்லை. குடியுரிமை பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வழிவழியாக வந்தது.

இன்று அந்த இரண்டு வீட்டுப் பேரப்பிள்ளைகளும் ஆஸ்திரேலியாவில் ஓராண்டு திரிந்து பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பிரெஞ்சு பாஸ்போர்ட் உள்ளவர் 35 வயது வரை விண்ணப்பிக்கலாம். அவருக்குக் குலுக்கல் கிடையாது, ஆண்டு வரம்பு கிடையாது, மேற்படிப்போ ஆங்கிலத் தேர்வோ கேட்கப்படுவதில்லை. இந்தியப் பாஸ்போர்ட் உள்ளவர் 30 வயதுக்குள், 1,000 இடத்துக்கான குடத்தில் பெயரைப் போட்டுக் காத்திருக்க வேண்டும். ஒரே தெரு, ஒரே பள்ளி, ஒரே தமிழ். தாத்தா ஒருவர் ஆறு மாதக் கெடுவுக்குள் ஒரு தாளில் கையெழுத்திட்டதும் இன்னொருவர் இடாததும்தான் வேறுபாடு. யாழ்ப்பாணத்தில் இருக்கும் பிள்ளைக்கு அந்தக் குடமும் இல்லை. இந்தத் திட்டத்தில் இலங்கையின் பெயரே கிடையாது. பாரிஸில் பிறந்து வளர்ந்த அவருடைய சித்தப்பா மகனுக்கு வழி திறந்திருக்கிறது.

இதை எந்தக் கணினியும் குலுக்கவில்லை. பிறப்புதான் முதல் குலுக்கல். குடியுரிமையைப் பிறப்புச் சீட்டு என்று பெயரிட்டே அயேலெட் ஷாஹார் என்ற சட்ட அறிஞர் 2009இல் ஒரு நூல் எழுதினார். அதற்கு முன்பு 1987இல் ஜோசப் கேரன்ஸ் என்ற அரசியல் தத்துவ அறிஞர், பணக்கார நாட்டுக் குடியுரிமை பண்ணையார் காலத்துப் பிறப்புரிமையைப் போன்றது என்று வாதிட்டார். பிறந்த உடனே கிடைத்து, வாழ்க்கையின் வாய்ப்புகளையெல்லாம் தீர்மானிக்கும் உரிமை. அதை அடைந்தவர் அதற்காகச் செய்தது எதுவும் இல்லை. மைக்கேல் வால்சர் என்ற இன்னொரு அரசியல் தத்துவ அறிஞரின் நிலை வேறு. தன் வீட்டுக்குள் யாரைச் சேர்ப்பது என்று முடிவெடுக்கும் உரிமை ஒரு சமூகத்துக்கு வேண்டும், அது இல்லாவிட்டால் சமூகமே இல்லை என்றார். ஆனால் அவரே, வேலைக்கென்று உள்ளே விட்டுவிட்டு உரிமை இல்லாமல் வைத்திருப்பதைக் கொடுங்கோன்மை என்றும் எழுதினார். வால்சரின் முதல் வாதத்தில் வலு உண்டு. எல்லைகளே வேண்டாம் என்று சொல்வது எளிது, வாழ்ந்து காட்டுவது கடினம். ஆயினும் தாத்தாவின் கையெழுத்தை வைத்துப் பேரனைப் பிரிப்பதற்கு அந்த வாதம் பதில் சொல்லவில்லை.

தத்துவ அறிஞர் காண்ட் 1795இல் எழுதிய நிலையான அமைதி பற்றிய சிறு நூலில் இதற்கு ஒரு தொடக்கம் இருக்கிறது. பூமி உருண்டை. மனிதர் முடிவில்லாமல் விலகிப் போக முடியாது, எங்கேயாவது ஒருவரையொருவர் சந்தித்தே ஆக வேண்டும். ஆகவே அந்நிய மண்ணில் கால் வைப்பவரைப் பகைவராக நடத்தக் கூடாது; வந்து பார்க்கும் உரிமை எல்லா மனிதருக்கும் உண்டு. ஆனால் தங்கி விருந்தாளியாக இருக்கத் தனி ஒப்பந்தம் தேவை என்றார். ஒர்க்கிங் ஹாலிடே விசா அப்படியான ஒப்பந்தம்தான். 1975இல் பிரிட்டன், அயர்லாந்து, கனடா இளைஞர்களோடு ஆஸ்திரேலியா தொடங்கியது, பிறகு நாடு நாடாக விரிந்தது. இந்தியாவுக்கான 1,000 இடமும் இரு நாடுகள் 2022 ஏப்ரலில் கையெழுத்திட்ட வணிக ஒப்பந்தத்தின் வழியே வந்தது. மேசையின் இரு பக்கமும் மனிதர்கள் உட்கார்ந்து பேசி எழுதிய எண் அது.

எல்லாம் விதிப்படி என்போர் இதற்கும் பதில் வைத்திருப்பார்கள்: தாத்தா கையெழுத்திட்டதும் விதி, அமைச்சர்கள் 1,000 என்று எழுதியதும் விதி. பழைய இந்தியச் சமய மரபினரான ஆசீவகர்கள் இதைத்தான் ஒரு தத்துவமாகவே நிறுவினார்கள். நியதிக்கு வெளியே எதுவும் இல்லை, முயற்சிக்கு அங்கே வேலை இல்லை. தமிழ்நாட்டில் அவர்களோடு வாதாடியவர்களில் சமணர்களும் உண்டு. நீலகேசி என்ற சமணக் காப்பியத்தில் ஆசீவகவாதச் சருக்கம் என்று ஒரு பகுதியே இருக்கிறது. வினைக்கொள்கையை ஆழமாக நம்பிய சமணர்களே முயற்சியை அழிக்கும் விதிக்கொள்கையை எதிர்த்து நின்றார்கள் என்பது கவனிக்க வேண்டிய விஷயம். நியதியை முழுதாக நம்புகிறவர் பான் அட்டையில் பெயரைத் திருத்த ஏன் அலைய வேண்டும் என்று இன்றும் கேட்கலாம்.

பிராப்தம் என்ற ஆறுதல் தோற்றவருக்கு ஒரு இரவு தூக்கம் தரும், அதைப் பறிக்க வேண்டியதில்லை. ஜெயித்தவரிடம்தான் அது உண்மையில் ஆபத்தாகிறது. கிடைத்தற்கரியது கிடைத்துவிட்டது என்று நினைப்பவர் எதையும் பொறுத்துக்கொள்கிறார். ஆஸ்திரேலியாவில் இரண்டாம் ஆண்டு விசா வேண்டும் என்றால், பெரும்பாலான நாட்டவர் பண்ணை வேலை போன்ற குறிப்பிட்ட தொழில்களில் மூன்று மாதம், 88 நாள் என்று எல்லோரும் சொல்லும் அந்தக் கணக்கு, முடித்திருக்க வேண்டும். பழம் பறிக்கும் தோட்டங்களில் கூடைக்கு இவ்வளவு என்று கூலி பேசி, நாள் முழுக்க உழைத்தும் குறைந்தபட்ச ஊதியம்கூடத் தேறாமல் போன பயணிகள் ஏராளம். அந்நாட்டின் ஊதியக் கண்காணிப்பு அமைப்பே விசாரித்து 2016இல் இதை வெளியிட்டது. கூடைக்கணக்கில் வேலை செய்தாலும் மணிக்கு இவ்வளவு என்ற அடித்தள ஊதியம் கட்டாயம் என்ற விதி 2022 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. தொழிற்சங்கம் கேட்டு, ஆணையம் விசாரித்து, தீர்ப்பு எழுதி வந்த விதி அது. விசாவைக் கடவுள் கொடுத்த பிச்சையாகப் பார்க்கும் பிள்ளை இந்த விதியைத் தேடிப் படிக்க மாட்டார். ஒப்பந்தப்படி தனக்குச் சேர வேண்டியது என்று பார்ப்பவர் படிப்பார், சம்பளச் சீட்டைச் சரிபார்ப்பார், குறைந்தால் கேட்பார்.

ஆஸ்திரேலியாவே தன் சொந்தப் பிள்ளைகளுக்கு ஒருகாலத்தில் வேறொரு குலுக்கல் நடத்தியது. 1965 முதல் 1972 வரை, 20 வயது ஆண்களைக் கட்டாய ராணுவ சேவைக்கு எடுக்க, பிறந்த தேதிகளைக் குறிக்கும் கோலிக்குண்டுகளை ஒரு பீப்பாயில் போட்டுச் சுழற்றி எடுத்தார்கள். 60,000க்கும் மேற்பட்டோர் படைக்கு எடுக்கப்பட்டார்கள், அவர்களில் 15,000க்கும் மேற்பட்டோர் வியட்நாம் போரில் பணியாற்றினார்கள், சுமார் 200 பேர் இறந்தார்கள். வாக்களிக்கும் வயது அப்போது 21. பீப்பாயில் தேதி இருந்தவருக்கு அந்தப் பீப்பாயைப் பற்றிக் கருத்துச் சொல்ல ஓட்டு இல்லை. ஓட்டு இருந்த தாய்மார்கள் 1965இல் சிட்னியில் கூடி, எங்கள் மகன்களைக் காப்பாற்றுங்கள் என்ற பொருளில் பெயர் வைத்து ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். 1971 ஈஸ்டரை ஒட்டி மெல்போர்னில் அவர்களில் ஐந்து பெண்கள் துண்டறிக்கை கொடுத்ததற்காகச் சிறைக்குப் போனார்கள். 1972 டிசம்பரில் கஃப் விட்லம் தேர்தலில் வென்று, பதவியேற்ற சில நாட்களிலேயே கட்டாய ராணுவ சேவையை நிறுத்தினார்.

விசாவுக்குப் பதிந்த இந்தியப் பிள்ளைகளுக்கும் ஆஸ்திரேலியாவில் ஓட்டு இல்லை. ஆனால் எண்ணை எழுதிய மேசையின் ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருந்தது அவர்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் அரசு. இதைவிட விரிவான பொருளாதார ஒப்பந்தத்துக்கு இரு நாடுகளும் பேசிவருகின்றன. 1,000 ஏன், 30 வயது ஏன், பிரெஞ்சு பாஸ்போர்ட்டுக்குக் கேட்காத மேற்படிப்பும் ஆங்கிலத் தேர்வும் எங்கள் பாஸ்போர்ட்டுக்கு மட்டும் ஏன் என்ற கேள்விகளைப் பிள்ளையாரிடம் வைப்பதோடு தொகுதி எம்.பி.யிடமும் எழுத்தில் வைக்கலாம்.